ஓடிய பிள்ளைகளும் தேடிய ஊரும்

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனும் அதே வயதுப் பெண் ஒருத்தியும் நேசம் கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகிறார்கள். இதுதான் கதை. அமெரிக்கப் படம். 2012-ம் ஆண்டில் வெளிவந்தது. பெயர் "மூன்ரைஸ் கிங்டம்". நம் பாஷையில் சொன்னால் "நிலவு எழும் ராஜ்யம்".

இதைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் தோழர்கள் இரண்டு விதமாக முகம் சுளித்தார்கள். "மில்லில் எட்டு மணி நேரம் நின்று கால் வீங்கி வருகிறவனுக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகளின் விளையாட்டுக் கதை எதற்கு?" என்றார் ஒருவர். "ஓடிப்போகச் சொல்லிக்கொடுக்கிற படத்தை நம் பத்திரிகையே சிபார்சு செய்வதா?" என்றார் இன்னொருவர். இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. இரண்டுக்கும் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் படத்தை உழைப்பாளிகள் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். சிரித்துக்கொண்டே பார்க்கலாம். ஆனால் படம் முடிந்து எழுந்திருக்கும்போது மனத்தில் ஒரு கேள்வியோடு எழுந்திருக்க வேண்டும். ஓடிப்போன பிள்ளையைத் தேடி யார் வருகிறார்கள்? எல்லாப் பிள்ளைகளையும் அப்படித் தேடுகிறார்களா?

கதை என்ன?

காலம் 1965-ம் ஆண்டு செப்டம்பர். இடம் அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் நியூ பென்ஸான்ஸ் என்ற தீவு. தேசப்படத்தில் தேடினால் இந்தத் தீவு கிடைக்காது. கதைக்காகக் கற்பனை செய்த தீவு.

பையன் பெயர் சாம். தாய் தந்தை இல்லாத அநாதை. சர்க்கார் ஏற்பாட்டில் ஒரு வளர்ப்பு வீட்டில் இருப்பவன். கோடைக்காலத்துக்குச் சாரணர் முகாமில் இருக்கிறான். கூட இருக்கும் பையன்களுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. பெண் பெயர் சூஸி. தகப்பனார் வக்கீல், தாயாரும் வக்கீல். மூன்று தம்பிமார். கடலோரத்தில் பெரிய வீடு. அந்த வீட்டில் தாயார் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கே ஒலிபெருக்கிக் குழலை வாயில் வைத்துக்கொள்கிறாள். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் முகம் பார்த்துப் பேசுவது அவ்வளவு அபூர்வம்.

இந்த இருவரும் ஒரு வருஷம் முன்பு மாதாகோயில் நாடகத்தில் சந்தித்தவர்கள். கடிதம் எழுதி எழுதித் திட்டம் போட்டார்கள். குறித்த நாளில் சாம் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறுகிறான். சூஸி ஒரு பூனைக்குட்டி, ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி, பாட்டரியில் ஓடும் இசைத்தட்டுப் பெட்டி, நூலகத்திலிருந்து திருடிய புத்தகங்கள் ஆகியவற்றோடு வருகிறாள். இரண்டு பேரும் காடு கடந்து, பெயரில்லாத ஒரு கடற்கழியில் கூடாரம் அடிக்கிறார்கள். மீன் பிடித்துத் தின்கிறார்கள். பிரெஞ்சுப் பாட்டு வைத்து ஆடுகிறார்கள். அந்த இடத்துக்குத் தாங்களே ஒரு பெயர் சூட்டுகிறார்கள். படத்தின் பெயர் அதுதான்.

இதற்குள் ஊரே திரண்டுவிட்டது. போலீஸ் அதிகாரி ஷார்ப், சாரணர் தலைவர், கையில் தடியும் வில்லும் ஏந்திய சாரணப் பையன்கள், பெண்ணின் பெற்றோர் என்று அத்தனை பேரும் தேடுகிறார்கள். செப்டம்பர் 5-ந் தேதி பெரும் புயல் தாக்கப்போகிறது என்று படத்தில் ஒரு பெரியவர் முன்கூட்டியே நமக்குச் சொல்லிவிடுகிறார். ஆகையால் ஓட்டத்துக்கும் தேட்டத்துக்கும் நடுவே ஒரு கெடுவும் இருக்கிறது.

டைரக்டர் வெஸ் ஆண்டர்சன். ரோமன் கப்போலாவோடு சேர்ந்து கதை வசனத்தையும் எழுதியவர். 2012 மே 16-ந் தேதி பிரான்ஸ் தேசத்தில் கேன் திரைப்பட விழா இந்தப் படத்தோடுதான் தொடங்கியது. சிறுவனாக நடித்த ஜாரெட் கில்மன், சிறுமியாக நடித்த காரா ஹேவர்ட் இருவருக்கும் இதுவே முதல் படம். பேர்போன நட்சத்திரங்கள் சுற்றி நிற்க, நடுவில் நிற்பவர்கள் இந்தப் புதியவர்கள் இருவரும்தான்.

குழந்தைகளைக் கேலி செய்யாத படம்

குழந்தைகளை வைத்துப் படம் எடுப்பவர்கள் சாதாரணமாக இரண்டில் ஒன்று செய்வார்கள். பெரியவர்களின் வசனத்தைப் பிள்ளை வாயில் திணித்துக் கைதட்டல் வாங்குவார்கள். அல்லது பிள்ளையை அழவைத்து நம்மையும் அழவைப்பார்கள். இந்தப் படம் இரண்டையும் செய்யவில்லை. சாமும் சூஸியும் தங்கள் காரியத்தை மகா கண்ணியமாகச் செய்கிறார்கள். கத்தரிக்கோல், கயிறு, உணவு, தேசப்படம் என்று கணக்கெடுத்துக் கிளம்புகிறார்கள். பெரியவர்கள்தான் குழந்தைத்தனமாக நடந்துகொள்கிறார்கள். வக்கீல் வீட்டம்மாளுக்கும் போலீஸ் அதிகாரிக்கும் ரகசியத் தொடர்பு. வக்கீலோ வெறுப்பில் கோடாரியை எடுத்துக்கொண்டு மரம் வெட்டப் போகிறார். சாரணர் தலைவருக்கு முகாமில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே காலைச் சாப்பாட்டு வேளையில்தான் தெரிகிறது.

சூஸி தன் வீட்டுக் குளிர்பெட்டியின் மேல் ஒரு சிறு பிரசுரத்தைக் கண்டெடுக்கிறாள். மிகவும் தொல்லை கொடுக்கும் குழந்தையை எப்படிச் சமாளிப்பது என்று பெற்றோருக்குச் சொல்லும் பிரசுரம். யாருக்காக அதை வாங்கினார்கள் என்று அவளுக்கு உடனே புரிந்துவிடுகிறது. சிறுவனாக இருந்தபோது தம் வீட்டிலேயே இப்படி ஒன்றைக் கண்டதாக டைரக்டர் சொல்லியிருக்கிறார். தன்னைப் பற்றி வீட்டில் ஒரு புத்தகம் வாங்குகிறார்கள். தன்னிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வலி பணக்கார வீட்டிலும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. மனித துக்கத்தில் பாதியைத் தெரியாததுபோல் கண்ணை மூடிக்கொள்வது உழைப்பாளியின் குணம் அல்ல.

இன்னொரு நல்ல காரியத்தையும் குறிப்பிட வேண்டும். இருவரும் சந்தித்த மாதாகோயில் நாடகம் நோவாவின் வெள்ளம். இங்கிலாந்து தேசத்து இசைமேதை பெஞ்சமின் பிரிட்டன் அமைத்த இசை நாடகம் அது. 1958-ல் முதன்முதலாக ஆர்ஃபர்ட் என்ற ஊரின் கோயிலில் நடந்தது. தொழில்முறைப் பாடகர்களோடு பள்ளிப் பிள்ளைகளும் ஊர் ஜனங்களும் சேர்ந்து பாடுவதற்கென்றே அவர் அதை எழுதினார். மழைத்துளி விழும் சப்தத்துக்கு அவர் பயன்படுத்திய வாத்தியம் என்ன தெரியுமா? கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்ட தேநீர்க் கோப்பைகள்! பிள்ளைகள் மரக்கரண்டியால் தட்டுவார்கள். அந்த நாடகத்தின் மூல வசனம் செஸ்டர் நகரத்தின் பழைய தெருநாடகம். அங்கே ஒவ்வொரு தொழிலார் சங்கமும் ஒவ்வொரு காட்சியை நடித்துக் காட்டுவது வழக்கம். வெள்ளக் காட்சியை நடித்தவர்கள் யார்? டீ ஆற்றிலிருந்து தண்ணீர் இறைத்து ஊருக்குச் சுமந்த தொழிலாளிகள். ஆகவே, "வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்ட தோழர், படத்தில் கோப்பை ஒலிக்கும்போது காதைக் கொடுத்துக் கேட்கட்டும். அதில் தண்ணீர் சுமந்தவனின் பங்கும் இருக்கிறது.

அநாதை சொன்ன பதில்

படத்தின் உயிர்நிலை கடற்கரையில் நடக்கும் ஒரு சின்னப் பேச்சில் இருக்கிறது. சூஸி கதைப் புத்தகப் பிரியை. தனக்குப் பிடித்த கதைகளில் வரும் பிள்ளைகள் எல்லாம் அநாதைகள், அவர்கள் வாழ்க்கைதான் விசேஷமானது, தானும் அநாதையாக இருந்திருக்கலாம் என்று அவள் ஆசையோடு சொல்கிறாள். சாம் ஒரு கணம் அவளைப் பார்க்கிறான். கோபிக்கவில்லை. உன்மேல் எனக்கு அன்பு உண்டு, ஆனால் நீ பேசுவது என்னவென்று உனக்கே தெரியாது என்ற பொருளில் ஒரே வாக்கியம் சொல்லி முடித்துவிடுகிறான். அவளும் தன் அன்பைச் சொல்கிறாள். அவ்வளவுதான்.

தோழர்களே! இந்த ஒரு வாக்கியத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம். வீடு உள்ள பிள்ளைக்கு வீடில்லாமை ஒரு கதை. வீடில்லாத பிள்ளைக்கு அது கதை அல்ல. இன்று இரவு எங்கே படுப்பது என்ற கணக்கு. இருவரும் ஒரே பாதையில், ஒரே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். ஆனால் பிடிபட்டால் அவளுக்குக் காத்திருப்பது ஒரு திட்டும் ஒரு குளியலும். அவனுக்குக் காத்திருப்பது என்ன?

அதையும் படம் காட்டுகிறது. பையன் ஓடிவிட்டான் என்று வளர்ப்பு வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்கிறார்கள். அந்த வீட்டுக்காரர், இனி அவனைத் திரும்ப ஏற்றுக்கொள்வதற்கில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுகிறார். பையன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத நேரத்திலேயே அவன் படுக்கை பறிபோய்விட்டது. அடுத்து வருகிறாள் ஓர் அதிகாரி. நீல உடுப்பு, கையில் காகிதக் கட்டு. டில்டா ஸ்விண்டன் நடித்திருக்கிறார். அந்த அம்மாளுக்குப் படம் முழுவதும் பெயரே கிடையாது. "சமூக சேவை இலாகா" என்பதுதான் அவள் பெயர். தன்னையே அவள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். இலாகா ஆளாக வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சித்திரம் நாம் பார்த்ததில்லை. பையனைச் சிறுவர் விடுதிக்கு அனுப்பப் போகிறார்கள். அங்கே மூளையில் மின்சாரம் பாய்ச்சும் வைத்தியமும் நடக்கக்கூடும் என்று பேச்சு வருகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு!

அது வெறும் கற்பனையா?

சினிமாவுக்காக மிகைப்படுத்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் அநாதைப் பிள்ளையை இலாகாவின் மூட்டையாகக் கருதிய பழக்கம் வெகு பழையது. 1825-ல் நியூயார்க்கில் சிறுவர்களை அடைத்துவைக்கும் முதல் "புகலிடம்" திறந்தார்கள். 1854 முதல் 1929 வரை அநாதைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ரயிலில் ஏற்றி, கிழக்கு நகரங்களிலிருந்து மேற்கே அனுப்பினார்கள். இப்படிப் போனவர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார்கள். பண்ணைக்காரர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். சிலருக்கு நல்ல குடும்பம் கிடைத்தது. சிலருக்குக் கூலியில்லாத பண்ணை வேலை கிடைத்தது. எது கிடைக்கும் என்பது பிள்ளையின் அதிர்ஷ்டம்.

கதை நடக்கும் காலத்தையே எடுத்துக்கொள்வோம். 1964-ம் ஆண்டு ஜூன் மாதம், அரிஸோனா ராஜ்யத்தில் 15 வயதுப் பையன் ஒருவனைப் போலீஸ் பிடித்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்பது புகார். தாயும் தகப்பனும் அந்த நேரம் வேலைக்குப் போயிருந்தார்கள். பிடித்துப்போன தகவலை வீட்டில் சொல்லக்கூட யாரும் இல்லை. புகார் சொன்ன பெண் கோர்ட்டுக்கு வரவே இல்லை. பையனுக்கு வக்கீல் இல்லை. தீர்ப்பு என்ன? 21 வயது வரை சிறுவர் சீர்திருத்தப் பள்ளி. அதாவது ஆறு வருஷம். இதே குற்றத்தை வயது வந்தவன் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் வரை அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதம் காவல்!

அந்தப் பையனின் பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை போராடினார்கள். கால்ட் வழக்கு என்று அதற்குப் பெயர். 1967 மே 15-ந் தேதிதான், குழந்தைக்கும் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, தன்மேல் என்ன குற்றம் என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. சாம் ஓடிப்போன 1965 செப்டம்பரில் அந்தத் தீர்ப்பு இல்லை. சூஸியின் வீட்டில் வக்கீல் இரண்டு பேர். சாமுக்கு அரை வக்கீல்கூட இல்லை. படம் இதை உரக்கச் சொல்லவில்லை. ஆனால் பாத்திரங்களை நிறுத்தியிருக்கும் விதத்தில் இது தெரிகிறது.

தேடப்படாத பிள்ளைகள்

இனி நாம் முதலில் வைத்த கேள்விக்கு வருவோம். நியூ பென்ஸான்ஸ் தீவில் இரண்டு பிள்ளைகளைக் காணோம் என்றதும் போலீஸ் வண்டி ஓடுகிறது, தகப்பன் ஓடுகிறார், ஆகாய விமானமும் வருகிறது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஊர் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இந்த டைரக்டர் 1969-ல் பிறந்த ஊர் டெக்ஸாஸ் ராஜ்யத்தின் ஹூஸ்டன் நகரம். அவர் கைக்குழந்தையாக இருந்த காலத்தில், 1970 முதல் 1973 வரை, அதே நகரத்தில் ஹைட்ஸ் என்ற உழைப்பாளிகள் வட்டாரத்தில் பையன்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமற் போனார்கள். பெற்றோர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். "உங்கள் பிள்ளை ஓடிப்போயிருப்பான்" என்று எழுதிக் கட்டிவைத்தார்கள். ஓடிப்போனவன் என்று எழுதிவிட்டால் தேட வேண்டியதில்லை! ஒரே வட்டாரம், ஒரே வயது, சில வீடுகளில் இரண்டு சகோதரர்கள். அப்போதும் யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை. 1973 ஆகஸ்டில்தான் உண்மை வெளிவந்தது. அதுவும் போலீஸ் கண்டுபிடித்ததல்ல. கொலைகாரனைக் கூட்டாளியே சுட்டுக் கொன்ற பிறகு தெரிந்தது. மண்ணைத் தோண்டி எடுத்த உடல்கள் 27.

நாடு பதறியது. 1974-ல் ஓடிப்போன சிறுவர்களுக்கான சட்டம் பிறந்தது. அவர்களுக்குத் தங்குமிடம் நடத்த மத்திய சர்க்கார் பணம் கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். வீட்டை விட்டு ஓடுவதையே குற்றமாக்கிப் பிள்ளைகளைப் பூட்டிவைக்கும் வழக்கத்தை நிறுத்தவும் அதே ஆண்டில் வழி செய்தார்கள். அத்தனை வீடுகளின் கண்ணீருக்குப் பிறகு!

டைரக்டரை இதற்காக நாம் குறை சொல்லவில்லை. நாம் சொல்வது இதுதான்: "ஓடிப்போனவன்" என்ற அதே சொல், கடலோரத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் ஊரைக் கூட்டும் மணியாக இருக்கிறது, உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் கோப்பை மூடும் முத்திரையாகிவிடுகிறது.

அதே வயது, அதே மாதம்

பன்னிரண்டு என்ற வயதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்தப் படத்தை எடுத்த இடம் ரோட் ஐலண்ட் ராஜ்யம். அமெரிக்காவின் பஞ்சாலைத் தொழிலுக்கு அதுதான் தொட்டில். அங்கே பாடக்கெட் என்ற ஊரில் 1790-ம் ஆண்டு சாமுவேல் ஸ்லேட்டர் தண்ணீர் விசையில் நூற்பு யந்திரங்களை ஓட்டத் தொடங்கினார். அவரிடம் முதன்முதல் வேலைக்கு நின்றவர்கள் யார்? 7 வயது முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகள்! மில் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாமும் சூஸியும் ஆடிப்பாடிய அதே ராஜ்யத்து மண்ணில், அவர்கள் வயதுப் பிள்ளைகள் அறுந்த நூலை முடிந்துகொண்டு நின்றார்கள். அந்தப் பிள்ளைகளும் ஓட நினைத்திருப்பார்கள். ஆனால் பாட்டரி இசைப்பெட்டி யாரிடம் இருந்தது?

விவசாயத் தோழர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. படத்தில் புயல் அடிப்பது 1965 செப்டம்பர் 5. அதற்கு மூன்றாம் நாள், செப்டம்பர் 8-ந் தேதி, அதே அமெரிக்காவின் மேற்குக் கோடியில், கலிபோர்னியாவின் டெலானோ வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பைன்ஸ் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மணிக்கு 1 டாலர் 40 சென்ட் கூலி கேட்டார்கள். 16-ந் தேதி மெக்ஸிகோ வம்சத்துத் தொழிலாளிகளும் கூடி, சேர்ந்து நிற்பது என்று முடிவு செய்தார்கள். ஐந்து வருஷம் நின்றார்கள். 1970 ஜூலையில் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

மில்லிலும் பட்டறையிலும் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதை 1938-ம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. வயல் வேலைக்கு மட்டும் வாசலைத் திறந்தே வைத்தது. இன்றைக்கும் அந்நாட்டு மத்திய சட்டப்படி, பெற்றோர் சம்மதம் இருந்தால், பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பண்ணை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். சாம் வயதுப் பிள்ளை! அந்தப் பிள்ளைக்கு முதுகில் கூடாரம் இல்லை, கூடை இருக்கிறது. பயிர் அறுப்பை ஒட்டி ஊர் ஊராகப் போகும் குடும்பத்துக் குழந்தைக்கு ஓடிப்போவது என்ன புதுமை? அதன் வாழ்க்கையே ஓட்டம்தானே?

ஓடக் கற்றுக்கொடுக்கிறதா?

இரண்டாவது தோழரின் கேள்வி பாக்கி இருக்கிறது. இந்தப் படம் பிள்ளைகளைக் கெடுக்குமா?

பன்னிரண்டு வயதுக் கல்யாணத்தை நாம் ஒருநாளும் கொண்டாட மாட்டோம். படமும் கொண்டாடவில்லை. ஓடிப்போகும் வழியில் அவர்களுக்கு ஒரு சாரண அண்ணன் விளையாட்டாகக் கல்யாணம் செய்துவைக்கிறான். இது சட்டப்படி செல்லாது என்று அவனே முதலில் சொல்லிவிடுகிறான். இருவருக்கும் இடையே இருப்பது, தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஜீவன் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். அதற்குக் காதல் என்று அவர்கள் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். பெரியவர்கள் கேட்டிருந்தால் அவர்கள் ஓடியிருக்க மாட்டார்கள். ஓடும் பிள்ளையை அடிப்பதற்குக் கை ஓங்கும் தகப்பன், ஒரு நிமிஷம் கையை இறக்கிவிட்டு, எதைத் தாங்காமல் ஓடினாய் என்று கேட்கட்டும். இந்த ஒரு பாடத்தைப் பெற்றோர் கற்றுக்கொண்டால் போதும். படம் கெடுத்தது என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

பிள்ளைகள் கற்றுக்கொள்ளவும் ஒரு பாடம் இருக்கிறது. சாமை வேட்டையாடப் புறப்பட்ட சாரணப் பையன்கள் மரத்தின்மேல் கட்டிய கொட்டகையில் கூடிப் பேசுகிறார்கள். நேற்றுவரை அவனைப் பகைத்தவர்கள். ஒருவன் எழுந்து, நாம் அவனுக்குச் செய்தது தவறு, அவன் அநாதை, அவனுக்கு நம்மை விட்டால் யார் என்று கேட்கிறான். மற்றவர்கள் தலை குனிகிறார்கள். பிறகு அத்தனை பேரும் சாமின் பக்கம் சேர்ந்து, அவனையும் சூஸியையும் தப்புவிக்கக் கிளம்புகிறார்கள். நம் சங்கக் கூட்டங்களில் பார்த்திருப்பீர்கள்: முதலாளி பக்கம் நின்றவன் ஒரு நாள் எழுந்து நியாயத்தைப் பேசும்போது கூட்டம் எப்படி அமைதியாகிறது! அதே அமைதி அந்த மரக்கொட்டகையிலும் இருக்கிறது. படத்திலேயே நமக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நல்ல மனிதர் ஒருவர் போதுமா?

கடைசியில் புயல் அடிக்கிறது. வெள்ளம் பெருகுகிறது. ஊரே மாதாகோயிலில் ஒதுங்குகிறது. பிள்ளைகள் இருவரும் மணிக்கூண்டின் மேல் ஏறிவிடுகிறார்கள். கீழே இலாகா அம்மாள் காகிதத்தோடு நிற்கிறாள். அப்போது போலீஸ் அதிகாரி ஷார்ப், பையனைத் தாமே வளர்ப்பதாகச் சொல்கிறார். தனியாள், சம்பளம் சொற்பம், பெரிய புத்திசாலி என்று ஊரில் பேர் வாங்காதவர். புரூஸ் வில்லிஸ் இந்தப் பாத்திரத்தில் மனத்தைத் தொடுகிறார். வக்கீல் பெற்றோரும் அவர் பக்கம் நிற்கிறார்கள். பையன் பிழைத்தான். பார்க்கிறவர்களின் கண்ணிலும் நீர் வரும். எங்கள் கண்ணிலும் வந்தது.

ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு ஒன்று கேட்கத்தான் வேண்டும். சாம் இருந்த வளர்ப்பு வீட்டில் மற்றப் பையன்களும் இருக்கிறார்கள். படத்தில் அவர்கள் வந்து போகிறார்கள். அவர்களுக்கு எந்த ஷார்ப் வருவார்? அரிஸோனாப் பையனுக்கு வந்தாரா? ஹூஸ்டன் பையன்களுக்கு வந்தாரா? ஒரு நல்ல மனிதரின் கருணை ஒரு பிள்ளையைக் காப்பாற்றும். அந்தக் கருணையை நாம் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. மீதிப் பிள்ளைகளைக் காப்பாற்றியது எது என்று சரித்திரத்தைப் பார்த்தால், பிடிவாதமாக வழக்காடிய பெற்றோர், தோட்டத்தில் ஐந்து வருஷம் நின்ற தொழிலாளிகள், கூச்சல் போட்டுச் சட்டம் வாங்கிய ஜனங்கள். இலாகாவுக்கு எதிராக அநாதைக்கு ஒரு உரிமை இருக்க வேண்டும். அது யாருடைய நல்ல மனதையும் நம்பி நிற்கக் கூடாது.

இந்தக் குறையைச் சொல்லியும் படத்தை நாம் தள்ளவில்லை. 94 நிமிஷப் படம். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு குடும்பத்தோடு பார்க்கலாம். சில இடங்கள் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு ஏற்றவை அல்ல. ஒரு நாய் அம்பு பட்டுச் சாகிறது. பெரிய பிள்ளைகளுக்குத் தடையில்லை.

புயலுக்குப் பிறகு அந்தக் கடற்கழி இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. சாம் அதை நினைவிலிருந்து சித்திரமாகத் தீட்டுகிறான். பெயரில்லாத அந்தத் துண்டு மணல், இரண்டு குழந்தைகள் சில நாள் யாருக்கும் பயப்படாமல் இருந்த இடம். பன்னிரண்டு வயதில் கழியின் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லாமல் கதிருக்கும் களத்துக்கும் போனவர்கள் நம் வாசகர்களில் எத்தனையோ பேர். "நமக்கு எதற்கு?" என்று கேட்ட தோழருக்கு நம் பதில் இதுதான்: நமக்குக் கிடைக்காதது என்பதற்காகவே அதைப் பார்க்க வேண்டும். குழந்தைப் பருவம் என்றால் என்ன என்று தெரிந்தால்தான், நம் பிள்ளைகளிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று கணக்குக் கேட்க முடியும். வயிறு நிறையச் சோறு, பயமில்லாத வீடு, படிக்கப் புத்தகம், விளையாட விடுமுறை, காணாமற் போனால் தேடிவர ஒரு ஊர். இவ்வளவும் கடலோரத்துப் பெரிய வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் அல்ல, ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்ட அநாதைக்கும், திராட்சைக் கூடை சுமந்த பிள்ளைக்கும், நூல் முடிந்த பிள்ளைக்கும் உரியவை.